விடுமுறையும் சலிப்பும்

தவணையின் இறுதி நாளன்று பாடசாலை மணி ஒலித்ததும் மாணவர் கூட்டம் வாயிலைக் கடந்து வீதியிற் பாய்ந்து செல்லும் காட்சியை எவரும் கண்டிருப்பர். யாழ்ப்பாணத்தார் பாடசாலை விடுமுறையை 'விடுதலை' என்றே வழங்குவர். அச்சொல்லின் முழுப்பொருளையும் அந்த ஒரு மாலைப் பொழுதிற் பிள்ளைகளின் முகங்களிலே காணலாம். புத்தகப்பை ஒரு மூலையில் விழுகின்றது. மறுநாட் காலையில் அவசரப்படுத்தி எழுப்புவார் இல்லை. முதல் வாரம் உறக்கத்திலும் விளையாட்டிலும் இனிதே கழிகின்றது. இரண்டாம் வாரத்தில் விளையாட்டுத் தோழர்களுள் இருவர் உறவினர் ஊருக்குப் போய்விடுகின்றனர். மூன்றாம் வாரத்திலோ, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை திண்ணையிற் சாய்ந்தபடி, "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று கூறத் தொடங்குகின்றான். எந்த விடுதலைக்காக மூன்று மாதம் நாள் எண்ணிக் காத்திருந்தானோ, அந்த விடுதலையே இப்போது அவனுக்குச் சுமையாகிவிட்டது.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாணவருக்கு இச்சுமை இன்னும் பெரிது. பழைய வகுப்பு முடிந்துவிட்டது. புதிய வகுப்புத் தொடங்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் எவ்வகுப்பினரும் அல்லர். வீட்டுக்கு வரும் உறவினர், "இப்போது என்ன செய்கிறாய்?" என்று வினவினால், "பெறுபேறு வரட்டும்" என்பதே விடையாகின்றது. தம் மதிப்பு முழுவதும் வரப்போகும் ஒரு தாளிலே எழுதப்பட்டிருக்கின்றது என்ற எண்ணம் அம்மாதங்களில் இளைஞர் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிடுதலும் உண்டு. ஆதலின் நீண்ட விடுமுறையில் தோன்றும் சலிப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குதல் சரியாகாது. அது யாது, எதனால் உண்டாகின்றது, எவ்வாறு நீங்கும் என்பன ஆராய்தற்குரியன.

சலிப்பும் சோம்பலும் ஒன்றல்ல. சோம்பலுடையவன் எதனையும் செய்ய விரும்பாதவன். சலிப்புற்றவனோ எதையேனும் செய்யவே விரும்புகின்றான். ஆயினும் மனம் பற்றிக்கொள்ளுதற்குரிய பொருள் அவனுக்குக் கிட்டவில்லை. கொழுகொம்பு காணாத கொடி காற்றில் அங்குமிங்கும் அலைவது போன்றது அவன் நிலை. கொடியிடத்தில் வலுவில்லை என்பதன்று. வலு இருப்பதனாலேயே அது அலைகின்றது.

மனம் தன்னந்தனியே வெறுமையாக இருப்பதற்கு எவ்வளவு அஞ்சுகின்றது என்பதை ஓர் ஆய்வு விளக்கமாகக் காட்டிற்று. அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக உளவியலாளர் திமதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். அவ்வாய்வின் ஒரு பகுதியில், பங்குபற்றியவர்கள் வெறும் அறையொன்றிற் பதினைந்து நிமிடம் தனியே தம் எண்ணங்களோடு மட்டும் இருக்குமாறு கேட்கப்பட்டனர். அறையில் இருந்தது ஒரு பொத்தான் மட்டுமே. அதனை அழுத்தினால் உடலில் மெல்லிய மின்னதிர்ச்சி உண்டாகும். அவ்வதிர்ச்சியை முன்னரே ஒருமுறை உணர்ந்து, அதனைத் தவிர்ப்பதற்குப் பணம் கொடுக்கவும் தயார் என்று கூறியவர்களே அவர்கள். அவ்வாறிருந்தும் ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் அப்பதினைந்து நிமிடத்துக்குள் அப்பொத்தானை அழுத்தினர். வெறுமையைக் காட்டிலும் துன்பமே மேல் என்று மனம் கருதும் தருணங்கள் உண்டு என்பது இதனாற் புலனாகும். சலிப்புற்ற பிள்ளை காரணமின்றித் தம்பியோடு சண்டையிடுவதற்கும் ஒருவகையில் இதுவே விளக்கம்.

இனி, மனம் எப்போது சலிப்பின்றி இருக்கும்? ஹங்கேரிய மரபினரான அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் இவ்வினாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சதுரங்கம் ஆடுவோர், மலையேறுவோர், நடனமாடுவோர், அறுவை மருத்துவர் ஆகியோரிடம் அவர் விசாரித்து அறிந்தவை 1975ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவர் கூறியதன் சாரம் எளிமையானது. செய்யும் வேலை செய்பவனின் திறனுக்கு மிகவும் தாழ்ந்திருந்தாற் சலிப்பு உண்டாகும். மிகவும் உயர்ந்திருந்தால் அச்சம் உண்டாகும். இரண்டுக்கும் இடையில், திறனைச் சற்றே மேலே இழுக்கும் வேலையில் ஈடுபடும்போது மனிதன் நேரத்தையும் தன்னையும் மறக்கின்றான்.

இந்த அளவுகோலைக் கொண்டு விடுமுறை நாட்களை நோக்கினால் உண்மை தெளிவாகும். பாடசாலைக் காலத்தில் நேரசூசி பிள்ளையைத் தாங்கிச் செல்கின்றது. எந்நேரத்தில் எங்கே இருக்கவேண்டும், எதனைத் திறக்கவேண்டும், எதனை மூடவேண்டும் என்பவற்றை மணியே தீர்மானிக்கின்றது. பத்தாண்டுகள் பிறர் அடித்த மணிக்கு நடந்த பிள்ளைக்குத் தன் நாளைத் தானே வகுக்கும் பயிற்சி எங்கே கிடைத்தது? மணி நின்றதும் அவன் தடுமாறுவது இயல்பே. உடலும் இத்தடுமாற்றத்துக்குத் துணைபோகின்றது. வளரிளம் பருவத்தில் உறக்கத்தைக் கூட்டுவிக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பு, சிறுவயதிற் சுரந்ததைவிட இரவிற் பிந்தியே சுரக்கத் தொடங்குகின்றது. கட்டுப்பாடு நீங்கிய நாட்களில் உறக்கம் நள்ளிரவுக்கும், விழிப்பு நண்பகலுக்கும் நகர்கின்றன. நாளின் சிறந்த பகுதி கழிந்த பின்னரே கண் விழிக்கும் பிள்ளைக்கு எஞ்சிய பகுதி வெயிலும் வெறுமையுமாகவே தோன்றும்.

இவ்வெறுமையை நிரப்பக் கைத்தொலைபேசி எந்நேரமும் ஆயத்தமாக இருக்கின்றது. அதனை முற்றாகப் பழித்தல் நியாயமன்று. அதனாற் கற்போரும் உளர். ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் குறும்படங்கள் காண்பவனிடம் எத்திறனையும் வேண்டுவதில்லை. மனம் ஒன்றைப் பற்றுமுன் அது மறைந்து மற்றொன்று தோன்றுகின்றது. நான்கு மணிநேரத்தின் பின் பிள்ளை தலை நிமிரும்போது சலிப்பு நீங்கியிருக்கவில்லை. அது மறைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. பசித்தவனுக்குக் கரும்புச் சக்கையைக் கொடுத்தால் வாய் அசையும், வயிறு நிரம்பாது.

அவ்வாறாயின் வழி யாது? உபதேசத்தினும் வரலாறு தெளிவாகப் பேசும். இளமைப் பருவத்தில், நீண்ட ஓய்வுக் காலங்களில், வெறுமையைக் கடந்து ஒன்றைச் செய்து முடித்த மூவரின் கதைகள் இங்கு எண்ணத்தக்கன.

முதலாவது கதை 1816ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்துப் பெருந்தொகையான தூசையும் வாயுவையும் வானத்தில் வீசிற்று. அதனால் மறு ஆண்டில் ஐரோப்பாவிற் கோடையே வரவில்லை எனும்படி குளிரும் மழையும் நிலவின. அக்கோடையைச் சுவிற்சர்லாந்திலுள்ள ஜெனீவா ஏரிக்கரையிற் கழிக்கச் சென்ற ஆங்கிலேயக் குழுவொன்று மழையால் வீட்டினுள்ளே அடைபட்டது. அக்குழுவிற் கவிஞர் பைரன், கவிஞர் பேர்சி ஷெல்லி, பைரனின் மருத்துவர் ஜோன் பொலிடோரி ஆகியோரோடு, பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட பதினெட்டு வயது நங்கையும் இருந்தார். பேய்க்கதை நூலொன்றைப் படித்துப் பொழுது போக்கிய அவர்களிடம் பைரன், ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதவேண்டும் என்றார்.

மற்றவர்கள் உடனே எழுதத் தொடங்கினர். மேரிக்கோ ஒன்றும் தோன்றவில்லை. "கதை கிடைத்ததா?" என்று காலைதோறும் கேட்கப்பட்டதையும், நாள்தோறும் "இல்லை" என்று கூறி நாணியதையும் அவர் பின்னாளில் எழுதியுள்ளார். ஆயினும் அவர் விலகிவிடவில்லை. உயிரின் தோற்றம் பற்றியும், மின்விசையால் உயிரற்ற உடலை அசைவிக்க முடியுமா என்பது பற்றியும் ஓரிரவு பெரியோர் உரையாடியதைக் கேட்டிருந்துவிட்டு உறங்கச் சென்றபோது, தான் படைத்த உருவத்தைக் கண்டு தானே நடுங்கும் மாணவன் ஒருவனின் காட்சி அவர் மனக்கண்ணில் எழுந்தது. அதுவே 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவலாக 1818ஆம் ஆண்டு வெளிவந்தது. புகழ்பெற்ற கவிஞர் இருவரும் தாம் தொடங்கிய கதைகளை முடிக்காது விட்டனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நாள்தோறும் 'இல்லை' என்று சொல்ல நேர்ந்தவரே இறுதியில் முடித்தார்.

இக்கதை கூறும் உண்மை யாதெனின், வெறுமையான நாட்களைச் சிறிது பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பதே. இதற்கு அண்மைக்கால ஆய்வொன்றும் துணை நிற்கின்றது. இங்கிலாந்தின் மத்திய லங்காசயர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சிலரைப் பதினைந்து நிமிடம் தொலைபேசி விவரக்கொத்திலிருந்து இலக்கங்களைப் பிரதி செய்யுமாறு விட்டனர். பின்னர், இரண்டு சாதாரண நுரைநெகிழிக் குவளைகளை எவ்வெவ் வகையிற் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, அச்சலிப்பூட்டும் வேலையைச் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடக் கூடுதலான விடைகளைத் தந்தனர். வெறுமையில் விடப்பட்ட மனம் தானாகவே தேடத் தொடங்குகின்றது. அத்தேடல் தொடங்குமுன் அதன் வாயில் இனிப்பை ஊட்டிவிடுவதே பலர் செய்யும் பிழை.

இரண்டாவது கதை பிரான்சில் நிகழ்ந்தது. பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1809ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி பிறெய்லி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையிற் கூரிய கருவியொன்றோடு விளையாடியபோது ஒரு கண் குத்துண்டது. நோய் மறு கண்ணுக்கும் பரவ, சில ஆண்டுகளில் அவர் பார்வையை முற்றாக இழந்தார். பத்து வயதிற் பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அங்கே சார்ல்ஸ் பார்பியே என்பவர் அமைத்த, மேடுபட்ட புள்ளிகளாலான எழுத்துமுறையொன்று 1821ஆம் ஆண்டளவில் அறிமுகமாயிற்று. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தமையால் ஒரு விரல் நுனியில் அக்குறி அடங்கவில்லை. எழுத்துக்கூட்டலைக் காட்டாமல் ஒலியை மட்டுமே அது காட்டிற்று.

இதனைத் திருத்தும் வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்மேல் ஏற்றுக்கொண்டது. பாடசாலையில் ஓய்வு கிடைத்த வேளைகளிலும், விடுமுறையில் ஊருக்குத் திரும்பிய காலங்களிலும் அவர் தாளிற் புள்ளி குத்திப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கண்ணைப் பறித்த கருவியை ஒத்த கூரிய ஊசியே அவருக்கு எழுத்தாணி ஆயிற்று. 1824ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், அவருடைய முறை பெரும்பாலும் முழுமை பெற்றிருந்தது. பன்னிரண்டு புள்ளிகள் ஆறாகக் குறைந்தன. அவ்வாறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் 63 குறிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு விரல் நுனியில் அடங்கும். இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளாலேயே எழுதப்படுகின்றது. தமக்கும் தம் தோழருக்கும் அன்றாடம் தைத்த முள் ஒன்றை அகற்றுவதையே அவர் விடுமுறை வேலையாகக் கொண்டார். பிறர் தேவையோடு பிணைந்த வேலையிற் சலிப்பு நுழைய இடம் குறைவு.

மூன்றாவது கதை 1856ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்தது. வில்லியம் பேர்கின் என்பவர் அப்போது பதினெட்டு வயது இரசாயன மாணவர். உயிர்த்தஞாயிறு விடுமுறையில், நகரின் கிழக்குப் பகுதியிலிருந்த தம் வீட்டின் மேல்மாடியிற் சிறியதோர் ஆய்வுகூடம் அமைத்து, குயினைன் என்னும் மலேரியா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். அக்காலத்தில் குயினைன் சிங்கோனா மரப்பட்டையிலிருந்தே கிடைத்தது. இலங்கையில் 1861ஆம் ஆண்டு ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டதும் அம்மரத்தை வளர்ப்பதற்காகவே. ஆதலின் பேர்கின் தேடிய பொருள் எத்துணை விலைமதிப்புடையது என்பது விளங்கும்.

அவருக்குக் குயினைன் கிடைக்கவில்லை. முதலிற் செங்கபில நிறத் தூளொன்று கிடைத்தது. அனிலீன் என்னும் வேறொரு பொருளைக்கொண்டு மீண்டும் முயன்றபோது கிடைத்தது வெறும் கரிய வண்டல். வேறொருவர் அதனைக் கழுவி ஊற்றியிருப்பர். பேர்கினோ அதனை மதுசாரத்திற் கரைத்துப் பார்த்தார். அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. பட்டுத் துணியில் அந்நிறம் நன்கு பற்றிக்கொண்டது. வெயிலிலும் நீரிலும் எளிதில் மங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்; மறு ஆண்டிலே தந்தையும் தமையனும் துணைநிற்கத் தொழிற்சாலை நிறுவினார். பெரும் புகழ்பெற்ற செயற்கைச் சாயத் தொழில் அந்த விடுமுறை அறையிலே முளைத்தது. ஒரு மூலையிடம், சில கருவிகள், தோல்வியை உற்றுநோக்கும் பொறுமை ஆகிய மூன்றுமே அதற்கு முதலீடு.

இம்மூவரையும் எடுத்துக்காட்டியது விடுமுறை முடிவிற் பிள்ளைகள் யாவரும் உலகப்புகழ் பெறவேண்டும் என்பதற்காக அன்று. அவ்வெண்ணம் சலிப்பை நீக்கி அதனிடத்தில் அச்சத்தையே வைக்கும். மூவரிடத்தும் பொதுவாகக் காணப்படுவன நான்கு. வேலை அவர்கள் திறனுக்குச் சற்று மேற்பட்டதாயிருந்தது. அவர்கள் அதனிடம் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தனர். பிழை நேர்ந்தவிடத்தும் அதனைக் கைவிடவில்லை. அவ்வேலையின் பயனை எதிர்பார்த்துக் கேட்கும் மனிதர் அல்லது காத்திருக்கும் தேவை ஒன்று இருந்தது. இந்நான்கும் அமைந்த எச்சிறு வேலையும் ஒரு விடுமுறையைத் தாங்க வல்லது. அத்தகைய வேலைகளுக்கு இலங்கைத் தமிழ் ஊர்களிற் பஞ்சமில்லை.

கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையுட் புகுந்து தங்குவதே குடிநீரும் தோட்ட நீருமாகும். ஒரு மாணவி கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஓரிடத்தை அடையாளமிட்டு, கல் கட்டிய அளவுக்கயிற்றை இறக்கி, காலையில் எவரும் நீர் அள்ளுமுன் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றது என்று நாள்தோறும் குறித்துவைக்கின்றாள் எனக் கொள்வோம். முதல் வாரம் அதில் ஒரு சுவையும் இராது. மூன்றாம் வாரத்திற் கோடு கீழ்நோக்கி இறங்குவது தெரியும். அயல்வீட்டுக் கிணறும் அதே அளவில் இறங்குகின்றதா? தோட்டத்துக்கு இயந்திரத்தால் நீர் இறைத்த நாளின் மறுகாலை என்ன ஆயிற்று? ஒரு மழைக்குப் பின் எத்தனை நாளில் மட்டம் உயர்ந்தது? வினாக்கள் ஒன்றையொன்று பெறுகின்றன. அவளுடைய ஒற்றைக் கொப்பி, அக்கிணற்றை நாற்பது ஆண்டு ஆண்டவரும் அறியாத செய்தியைத் தாங்கத் தொடங்குகின்றது.

சொற்களைச் சேர்த்தலும் அத்தகையதே. நீத்துப்பெட்டி, குட்டான், கடகம் என்பவற்றை ஓலையில் இழைக்கத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வோராண்டும் குறைகின்றனர். பொருள் மறையும்போது அதன் உறுப்புக்களின் பெயர்களும் மறைகின்றன. மலையகத்திற் கொழுந்து பறித்த முதியோரின் நிரை, பிரட்டு முதலிய சொற்களும், மட்டக்களப்பு வயல்களின் வட்டை, போடியார் முதலிய சொற்களும் அவ்வவ் விடத்துப் பிள்ளைகளுக்கே முதற்கண் உரியவை. ஒரு முதியவரிடம் நாளொன்றுக்கு ஐந்து சொல் கேட்டு, பொருளும் பயன்படும் விதமும் எழுதினால் ஒரு மாதத்தில் நூற்றைம்பது சொற்கள் சேரும். சொல் சேருவதோடு, பேச்சுத் துணையின்றி இருக்கும் அம்முதியவரின் சலிப்பும் நீங்கும். அங்கே வகைநூலொன்றைப் பாதுகாக்கும் கைத்தொலைபேசியும் நல்ல கருவியாகின்றது. குரலைப் பதியவும் படம் எடுக்கவும் அதனினும் எளியது வேறில்லை.

வீட்டிலுள்ள பழந்தாள்களைப் பேணுதலும் ஓர் அரிய பணி. ஒருவர் மறைந்தபின் அவர் வாழ்க்கையையும் வழிமுறையையும் அச்சிட்டு வழங்கும் 'கல்வெட்டு' என்னும் சிறுநூல் யாழ்ப்பாணத்துப் பல வீடுகளிற் கிடக்கின்றது. கோயில் விழா மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் அவ்வாறே. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்பின் பின், எஞ்சிய ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பு உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம் இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி யாவரும் படிக்க வைத்துள்ளது. அலுமாரியிலுள்ள பழைய நூல்களின் பட்டியலை ஒரு பிள்ளை எழுதி முடித்தால், அவ்வீட்டின் வரலாறும் சமூகத்தின் வரலாறும் ஓரடி முன்செல்லும்.

வேலை எதுவாயினும் அதனைக் காலைப்பொழுதில், குறித்த ஒரு நேரத்திற் செய்தல் நன்று. ஒரு மணிநேரம் போதும். எஞ்சிய நாளை முழுவதும் வகுத்து அட்டவணையிடின் விடுமுறையும் பாடசாலையாகிவிடும். நாளின் ஒரு தூண் உறுதியாக நின்றால் ஏனைய நேரம் விளையாட்டானாலும் வெறும் ஓய்வானாலும் சலிப்பாக மாறாது. வளரும் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணிநேரமேனும் உடல் வியர்க்க அசையவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மாலையில் மைதானமோ, சைக்கிளோ, கடற்கரை நடையோ அதற்கு உதவும். இரவில் உறக்கமும் உரிய நேரத்துக்கு மெல்லத் திரும்பும்.

பெற்றோரின் பங்கும் இதிற் சிறிதன்று. விடுமுறை தொடங்குமுன்னரே காலை, மாலை, இரவு என்று தனியார் வகுப்புக்களை நிரப்பிவிடும் வீடுகள் பல. அங்கே சலிப்புக்கு நேரமில்லை என்பது உண்மை. தன் நாளைத் தானே ஆளும் பயிற்சிக்கும் நேரமில்லை. பிள்ளை "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று கூறும் கணத்திலேயே பத்து வேலைகளைப் பட்டியலிடுவதும், தொலைபேசியைக் கையிற் கொடுப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டொரு நாள் பொறுத்திருந்து, ஒரு மூலையையும் சில கருவிகளையும் கொடுத்து, இரவு உணவின்போது "இன்று கிணறு எவ்வளவு இறங்கியது?" என்று கேட்டாற் போதும். ஏரிக்கரையில் மேரியிடம் காலைதோறும் கேட்கப்பட்ட வினாவும் அத்தகையதே.

பெண்பிள்ளைகளின் நிலையையும் இங்கு மறத்தலாகாது. பல வீடுகளில் அண்ணனுக்கு விடுமுறை மைதானமாகவும், தங்கைக்கு அது சமையலறையாகவும் அமைகின்றது. வீட்டுவேலையை இருவருக்கும் பங்கிட்டால் அவளுக்கும் காலையில் ஒரு மணிநேரம் மிஞ்சும். வறுமையால் விடுமுறையிற் கூலிவேலைக்குச் செல்லும் பிள்ளைகளும் உளர். அவர்களிடம் சலிப்பைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் உதவியுமே.

மற்றொன்றும் கூறத்தக்கது. சலிப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. முன்னர் விரும்பிய எதிலும் விருப்பமின்றி, உணவும் உறக்கமும் குலைந்து, தோழரையும் ஒதுக்கி ஒரு பிள்ளை இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தால், அதனைச் சோம்பல் என்று கண்டித்தல் ஆபத்தாகும். பெறுபேறு வரும் காலத்தில் இதில் இன்னும் விழிப்பு வேண்டும். அன்போடு பேசி மருத்துவரை நாடுதலே அங்கு முறை.

பெறுபேறு ஒருநாள் வரும். அது நன்றாயினும் குறைவாயினும், ஒரு பிள்ளை பரீட்சையில் எவ்வாறு எழுதினாள் என்பதை மட்டுமே கூறும். கிணற்றின் நீர்மட்டம் தொண்ணூறு நாளாக எழுதப்பட்டிருக்கும் கொப்பியைப் பற்றி அத்தாள் ஒன்றும் கூறாது. ஆனால் அக்கொப்பி அவள் மேசையில் இருக்கும். எவரும் மணி அடிக்காதபோதும் தொண்ணூறு காலைகள் அவள் தானாகவே எழுந்து சென்றாள் என்பதற்கு அது சான்று. பாடசாலை மீண்டும் திறக்கும் நாளில், முன்னர் மணிக்காக நடந்த பிள்ளை இப்போது தன் நாளைத் தானே நடத்தக் கற்றவளாக வாயிலைக் கடப்பாள். 'விடுதலை' என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் முழுமையாகும்.